வழி விலகும் பந்து



உதகைக்கோ கோடைக்கானலுக்கோ சுற்றுலா சென்றவர்கள், புல் போர்த்திய மேடு பள்ளங்களில் சிலர் நீண்ட மட்டையும் சிறிய வெள்ளைப் பந்துமாக நடந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். அதுவே கோல்ப் விளையாட்டு. பார்ப்பதற்கு இதைவிட எளிய ஆட்டம் இல்லை என்று தோன்றும். பந்து அசையாமல் காத்திருக்கிறது. எதிராளி குறுக்கே வந்து அதைப் பறிப்பதில்லை. அடிப்பவர் தமக்கு வேண்டிய நேரத்தில் அடிக்கலாம். ஆயினும் புதிதாகப் பழகுகிறவர் ஓங்கி அடித்த முதல் அடி பெரும்பாலும் நேரே செல்வதில்லை. பாதி வழியில் வலப்புறமாக வளைந்து புதருக்குள் போய் விழுகிறது. இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்துள்ள பெயர் 'ஸ்லைஸ்'. இடப்புறம் வளைந்தால் அது 'ஹூக்'. (இக்கட்டுரை முழுவதும் வலக்கைப் பழக்கமுள்ளவரையே குறிக்கிறது. இடக்கைக்காரர் இடம் வலம் மாற்றிக் கொள்க.)

ஒரு பந்து புதரில் விழுந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2018-ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அருகே நடைபெற்ற ரைடர் கோப்பைப் போட்டியில், தேர்ந்த வீரர் ஒருவர் அடித்த பந்து வழி விலகி, வேடிக்கை பார்த்து நின்ற ஒரு பெண்மணியின் கண்ணைத் தாக்கியது. அந்தக் கண்ணின் பார்வை போயிற்று. 46 கிராம் எடைகூட இல்லாத பந்துதான். ஆனால் வேகம் அப்படிப்பட்டது. பந்து விலகுகிறது என்று தெரிந்தவுடன் 'ஃபோர்!' என்று உரக்கக் கூவி எச்சரிப்பது இவ்வாட்டத்தின் முதல் மரியாதை. பந்து விலகுவதன் காரணத்தை அறிந்து திருத்துவது அதனினும் மேலானது.

பந்து ஏன் வளைகிறது?

சாய்வாக அடிபட்டுச் சுழலும் டென்னிஸ் பந்து வளைந்து செல்வதை 1672-லேயே நியூட்டன் குறித்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் இதை ஆராய்ந்ததால், இவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. 1890-களில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்ட் இதைக் கோல்ப் பந்துக்குப் பொருத்திக் காட்டினார். அவருடைய மகன் புகழ்பெற்ற கோல்ப் வீரர். பந்தில் நீண்ட நாடா ஒன்றைக் கட்டி அடிக்கச் செய்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணி, பந்து எத்தனை முறை சுழன்றது என்று கணக்கிட்டார் அப்பேராசிரியர்! பந்து நெடுநேரம் காற்றில் நிற்பதற்குக் காரணம் அதன் பின்னோக்கிய சுழற்சியே என்று அவர் நிறுவினார்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டுங்கள். மேசைமேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, குழலை அதன்மீது உருட்டி, மேசை விளிம்பிலிருந்து விழச் செய்யுங்கள். குழல் முன்னோக்கிப் பாய்ந்து விழும் என்று எதிர்பார்ப்பீர்கள். அதுவோ மேசையின் அடிப்பக்கமாக வளைந்து வரும். சுழலும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது; காற்று அதை மறுபக்கமாகத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

கோல்ப் பந்தின் சுழற்சி அச்சு தரைக்கு இணையாக இருந்தால், காற்றின் தள்ளுதல் முழுவதும் மேல்நோக்கி அமையும். பந்து நேரே செல்லும். அச்சு வலப்பக்கம் சாய்ந்தால் தள்ளுதலும் வலப்பக்கம் சாயும். ஆகாய விமானம் இறக்கையைச் சாய்த்துத் திரும்புவதைப் போலப் பந்தும் திரும்பிவிடும்.

அச்சைச் சாய்ப்பது எது?

மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் ஏறக்குறைய ஒரு கூறு. அந்த நேரத்தில் இரண்டு திசைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மட்டையின் முகப்பு பார்க்கும் திசை. மற்றொன்று, மட்டையின் தலை பயணம் செய்யும் திசை. இரண்டும் ஒன்றாயின் பந்து வளையாது. முகப்பு, பயணத் திசைக்கு வலப்புறம் பார்த்தால் ஸ்லைஸ். இடப்புறம் பார்த்தால் ஹூக். இவ்வளவுதான் சூத்திரம்.

பந்து எத்திசையில் புறப்படும்? மட்டை சென்ற வழியே புறப்பட்டு, பிறகு முகப்பு பார்த்த பக்கம் வளையும் என்றே பல ஆண்டுகளாகப் பயிற்சியாளர் பலர் கற்பித்து வந்தனர். இந்நூற்றாண்டில் ராடார் கருவிகள் பந்தை அளந்தபோது, அது தவறு என்று ஐயமின்றித் தெரிந்தது. புறப்படும் திசையை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தீர்மானிப்பது முகப்புதான். மட்டையின் வழி, வளைவுக்கே பெரிதும் காரணமாகிறது. நெடுநாள் பாடமும் அளந்து பார்க்கும்போது மாறக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு சிறு கணக்கு. குறி 200 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பந்து 3 பாகை விலகிப் புறப்படுகிறது. 3 பாகை என்பது கடிகாரத்தின் பெரிய முள் அரை நிமிடத்தில் நகரும் கோணம். பந்து வளையாமல் சென்றாலும் குறியிலிருந்து சுமார் பத்தரை மீட்டர் தள்ளி விழும். வளைவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

தவறான வைத்தியம்

"பந்து வலப்பக்கம் போகிறது, நான் இடப்பக்கம் குறி வைத்து நின்றால் சரியாகிவிடாதா?" இதுவே எல்லாருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். அங்கேதான் வினை தொடங்குகிறது. கால்களையும் தோள்களையும் இடப்பக்கம் திருப்பி நின்றால் மட்டையின் வழியும் மேலும் இடப்பக்கம் திரும்பும். ஆனால் கைகள் தம்மை அறியாமல் முகப்பைக் குறியை நோக்கியே வைத்திருக்கும். வழிக்கும் முகப்புக்கும் உள்ள இடைவெளி பெருகுகிறது. பந்து முன்னைவிட அதிகமாக வளைகிறது. மறுநாள் இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்கிறோம். சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்தாமல், நம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது போன்றது இது. கழுத்து வலிப்பதுதான் மிச்சம்.

சரியான வழி

1. பந்தைப் படியுங்கள். பத்துப் பந்துகளை அடித்து, ஒவ்வொன்றும் எங்கே புறப்பட்டது, எப்பக்கம் வளைந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைந்தால், முகப்பு சற்று இடப்பக்கமும் வழி அதைவிட அதிகமாக இடப்பக்கமும் இருந்தன. நேரே புறப்பட்டு வலப்பக்கம் வளைந்தால், முகப்பு சரி, வழியே பிழை. வலப்பக்கம் புறப்பட்டு மேலும் வலப்பக்கம் வளைந்தால், முகப்பு மிகவும் திறந்திருந்தது. வளையாமல் நேர்கோட்டில் ஒரு பக்கம் சென்றால், முகப்பும் வழியும் ஒன்றாகவே அப்பக்கம் திரும்பியுள்ளன.

2. பட்ட இடத்தைப் பாருங்கள். பந்தின் பின்புறம் ஈரச் சாக்கட்டியால் பெரிய புள்ளி இட்டு அடித்தால், முகப்பில் தடம் பதியும். கம்பை ஒட்டிய ஓரத்தில் பட்டால் பந்து வலப்பக்கமும், வெளி நுனியில் பட்டால் இடப்பக்கமும் வளையும். ஓரத்தில் பட்டவுடன் மட்டையின் தலை திரும்புவதால், பற்சக்கரம் போலப் பந்து எதிர்ப்பக்கம் சுழல்கிறது. இக்குறையை ஓரளவு ஈடுசெய்யவே 'டிரைவர்' என்னும் பெரிய மட்டையின் முகப்பைச் சற்றுக் குவிந்ததாகச் செய்கிறார்கள். தடம் ஓரத்தில் இருந்தால், முதலில் நிற்கும் தூரத்தைச் சரிசெய்யுங்கள்.

3. பிடியைச் சோதியுங்கள். மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்க்கையில், இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் மொட்டுகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால், முகப்பு திறந்தே வரக்கூடும். கையைச் சிறிது வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள்.

4. நிற்கும் நிலையைச் சீர்செய்யுங்கள். தரையில் இரண்டு குச்சிகளை இணையாக வையுங்கள். ஒன்று பந்திலிருந்து குறியை நோக்கட்டும். மற்றது உங்கள் கால் விரல்களுக்கு முன்னே இருக்கட்டும். தோள்களும் அவற்றுக்கு இணையாக இருக்க வேண்டும். பந்து இடது குதிகாலின் உட்புறத்துக்கு நேராக இருக்கட்டும். அதற்கும் முன்னே தள்ளி வைத்தால் தோள்கள் தாமாகவே இடப்பக்கம் திறந்துகொள்ளும்.

5. வீச்சின் வழியைத் திருத்துங்கள். ஓங்கிய மட்டையை இறக்கும்போது தோளை முதலில் திருப்பினால், மட்டை வெளிப்பக்கமிருந்து உள்ளே வெட்டும். ஸ்லைஸுக்கு இதுவே மிகப் பொதுவான காரணம். பந்துக்குச் சற்றுப் பின்னால், உங்களுக்கு அப்பாலுள்ள பக்கத்தில், வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, அதைத் தொடாமல் பாதி வேகத்தில் வீசிப் பழகுங்கள். இடுப்பு முதலில் திரும்பட்டும், கைகள் இறங்கட்டும், தோள் பின்தொடரட்டும்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால், எதனால் பலன் கிடைத்தது என்று தெரியாது. இங்கும் அப்படியே. ஒரு மாற்றம், பத்துப் பந்துகள், ஒரு குறிப்பு.

ஹூக்குக்கு இவற்றைத் திருப்பிக் கொள்ளுங்கள். விரல் மொட்டுகள் நான்கும் தெரியும் அளவுக்குக் கை வலப்பக்கம் திரும்பியிருந்தால், அதைச் சற்று இடப்பக்கம் கொண்டு வாருங்கள். ஸ்லைஸைத் திருத்துகிறவருக்குச் சில நாள் ஹூக் வருவதுண்டு. அஞ்ச வேண்டாம், மாற்றம் நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்னொன்று. வளைகிற பந்தைக் கண்டதும் பலர் இன்னும் ஓங்கி அடிக்கிறார்கள். வேகம் கூடினால் பிழை தீராது. பிழை வெகுதூரம் போகும், அவ்வளவே. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் இடம்பெற ஒரே ஓர் அடிதான் குறைந்தது. மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார். அதிதி மிகத் தூரம் அடிப்பவர் அல்லர். தம்மைவிட வெகுதூரம் அடித்தவர்களோடு அவர் சமமாக நின்றது வலிமையால் அன்று. பிழை குறைந்த ஆட்டத்தால்.

மாணவியரே, உங்களுள் பலர் கோல்ப் மட்டையைத் தொடாமலே போகலாம். ஆனால் கணக்கில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வரும்போதும், தோழியோடு ஒரே சச்சரவு மீண்டும் மீண்டும் எழும்போதும், இந்தப் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். விளைவைக் கண்டு வேறு பக்கம் குறி வைக்காதீர்கள். பிடி எப்படி இருக்கிறது, நிலை எப்படி இருக்கிறது என்று தொடக்கத்துக்குத் திரும்பிப் பாருங்கள். புதரில் விழுந்த பந்தைத் தேடிக்கொண்டே இருப்பவர் ஆட்டக்காரர் ஆவதில்லை. அது ஏன் அங்கே விழுந்தது என்று கேட்பவரே ஆகிறார்.