ஐயமும் ஆய்வும்

ஐயம் அறிவின் வாயில். கேட்டவற்றையெல்லாம் நம்புவோனிடம் அறிவு வளர்வதில்லை. எதனையும் நம்ப மறுப்போனிடமும் அது வளர்வதில்லை. ஐயத்தை எழுப்பி, அதனை ஆய்வுக்கு உட்படுத்தி, ஆய்வு காட்டும் முடிவை ஏற்பவனே அறிவியலின் உண்மை மாணவன். இதற்குச் சான்றாகும் வரலாறு ஒன்றைக் காண்போம்.

உலகின் வெப்பம் உயர்ந்து வருகின்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமில வாயுவே அதற்குத் தலையாய காரணம் என்பர் அறிஞர். இக்கூற்றை ஐயுற்றவருள் ஒருவர் ரிச்சர்டு முல்லர். அவர் அமெரிக்க நாட்டில், பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். அவர்தம் வினாக்கள் வீண் வினாக்கள் அல்ல. வெப்பமானிகள் பல நகரங்களில் உள்ளன. கட்டடங்கள் செறிந்த நகரம் சிற்றூரினும் வெப்பம் மிக்கது. அங்ஙனமாயின், உயர்ந்தது உலகின் வெப்பமா, நகரின் வெப்பமா? சில வெப்பமானிகள் தகாத இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. அவை காட்டும் கணக்கு மெய்யாகுமா? கணக்கிட்டோர் எல்லா நிலையங்களையும் கொள்ளாது சிலவற்றையே தெரிந்தெடுத்தது ஏன்?

முல்லர் வினாக்களோடு நின்றாரல்லர். 2010ஆம் ஆண்டில் 'பெர்க்கிலி எர்த்' என்னும் ஆய்வுக் குழுவை அமைத்தார். 36,000க்கு மேற்பட்ட நிலையங்களின் குறிப்புகள் திரட்டப்பெற்றன. நகரங்களை விலக்கிச் சிற்றூர்க் கணக்கைத் தனியே பார்த்தனர். நல்ல நிலையங்களைக் குறையுள்ள நிலையங்களோடு ஒப்பிட்டனர். எவ்வாறு கணக்கிடினும் வெப்பம் உயர்ந்ததாகவே தெரிந்தது. 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் வெப்பம் சென்டிகிரேடு அளவில் ஏறத்தாழ 1.5 பாகை உயர்ந்திருந்தது.

காரணம் யாது? எரிமலைகள் சில ஆண்டுகளே வெப்பத்தைத் தணித்தன. கதிரவனின் மாறுதல் இவ்வுயர்வோடு பொருந்தவில்லை. கரியமில வாயுவின் பெருக்கமோ நன்கு பொருந்திற்று. மனிதனே காரணம் என 2012ஆம் ஆண்டில் முல்லர் வெளிப்படையாக அறிவித்தார். முடிவு எதுவாயினும் ஏற்பேன் என முன்னர்க் கூறிய மற்றோர் ஐயுறவாளரோ, முடிவு வந்தபின் அதனை ஏற்க மறுத்தார். ஐயத்திற்கும் பிடிவாதத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ?

வேறொரு சான்றும் உண்டு. கதிரவனே காரணமாயின், காற்றுமண்டலம் கீழும் மேலும் ஒருங்கே வெப்பமுறல் வேண்டும். ஆனால் கீழ்ப்பகுதி வெப்பமுற, மேலுள்ள அடுக்குமண்டலம் குளிர்ந்து வருகின்றது. கரியமில வாயு மிகுந்தால் இவ்வாறே நிகழும் என்பது முன்னரே கணிக்கப்பட்டதாகும்.

உலக அரசுகளின் சார்பில் இம்மாற்றத்தை ஆராயும் பன்னாட்டுக் குழுவும் விரைந்து முடிவு கூறியதன்று. கண்ட வெப்ப உயர்வு பெரும்பாலும் இயற்கையின் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கலாம் என 1990ஆம் ஆண்டு அறிக்கையில் அது ஒப்புக்கொண்டது. மனிதன் காரணம் என்பதற்கு 2007இல் நூற்றுக்கு 90க்கு மேலும், 2013இல் 95க்கு மேலும் உறுதி கூறிற்று. 2021ஆம் ஆண்டிலேயே ஐயத்திற்கு இடமில்லை என்றது. சான்று வளர வளர உறுதியும் வளர்ந்தது.

மேகங்கள் எவ்வாறு மாறும், ஓரிடத்து மழை எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்பன போன்ற வினாக்கள் இன்றும் ஆய்வுக்குரியன. ஆதலின், மாணவர்களே! ஐயுறுவதற்கு அஞ்சாதீர்கள், விடை கிடைத்தபின் அதனை ஏற்பதற்கும் அஞ்சாதீர்கள்.