வாங்கிய பிறகுதான் வேலை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடை திரட்டும் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். நல்ல வேலை. எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரப் பயிலரங்குகளுக்கும் புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. இந்தத் துறையிலேயே நரைத்தவன் என்ற உரிமையில் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

1. உங்களுக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் அருங்காட்சியக இயக்குநர். இன்னொருவர், பல்கலைக்கழகத்தின் தலைமை நிதி திரட்டும் அலுவலகம். வசதியான பழைய மாணவர் ஒவ்வொருவர் மீதும் யாராவது ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருப்பார்கள்: மருத்துவக் கல்லூரி, பிசினஸ் ஸ்கூல், ஃபுட்பால் ஸ்டேடியம். அனுமதி வாங்காமல் அவருக்கு நீங்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால்கூடப் பஞ்சாயத்து வரும். குறுக்கு வழியில் போகாதீர்கள். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் நிற்க வேண்டாம். "இவர் உங்கள் கடிதம் எதற்கும் பதில் போட்டதில்லை. எங்கள் கண்காட்சித் திறப்பு ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை" என்று ஆதாரத்தோடு போய்க் கேட்டால் பெரும்பாலும் பெயரை விட்டுக்கொடுப்பார்கள். இதய மருத்துவராகவும் வக்கீலாகவும் ஆன பலருக்குக் கல்லூரியில் எடுத்த ஒரே ஒரு கலை வரலாற்று வகுப்பு மறப்பதில்லை. முதல் சந்திப்பில் அந்த வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். பணப் பேச்சு தானாக வரும்.

2. "நான் கொடுக்கும் ஓவியத்தை விற்றுவிடுவீர்களா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்பவர் பெரும்பாலும் செய்தித்தாள் படிப்பவர்.

2009 ஜனவரியில் பிராண்டைஸ் பல்கலைக்கழக அறங்காவலர்கள், பண நெருக்கடியைச் சொல்லி, தங்கள் ரோஸ் அருங்காட்சியகத்தை மூடவும் ஓவியங்களை விற்கவும் தீர்மானித்தார்கள். அருங்காட்சியகத்தின் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்தவர்களே நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011-ல்தான் சமரசம் வந்தது, ஓவியங்கள் தப்பின. வர்ஜீனியாவில் ராண்டால்ஃப் கல்லூரியின் கதை வேறு. ஜார்ஜ் பெல்லோஸ் வரைந்த துறைமுகத் தொழிலாளர் ஓவியத்தை 1920-ல் அங்கே படித்த மாணவிகளும் ஊராரும் சேர்ந்து 2,500 டாலர் திரட்டி வாங்கியிருந்தார்கள். 2014-ல் கல்லூரி அதை லண்டன் நேஷனல் கேலரிக்கு 2.55 கோடி டாலருக்கு விற்றது. 2023-ல் வால்பரைசோ பல்கலைக்கழகம், மாணவர் விடுதியைப் புதுப்பிக்க மூன்று ஓவியங்களை விற்கப்போவதாக அறிவித்தது. அதில் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்ததும் ஒன்று.

மூன்றிலும் பொதுவானது ஒன்று உண்டு. தீர்மானித்தவர்கள் அருங்காட்சியகத்தார் அல்ல, மேலே இருந்தவர்கள். ஆகவே "எங்கள் இயக்குநர் அப்படிச் செய்ய மாட்டார்" என்று நீங்கள் சொல்வதற்கு மதிப்பில்லை. இயக்குநர் போய்விடுவார், நீங்களும் போய்விடுவீர்கள். விற்பதற்கு என்ன விதி, விற்ற பணம் எதற்குப் போகும் என்பதை அறங்காவலர் குழு தீர்மானமாக நிறைவேற்றியிருக்கிறதா? இருந்தால் ஒரு நகலைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால், எந்தப் பணக்காரரையும் பார்ப்பதற்கு முன் அதை நிறைவேற்ற வைப்பதே உங்கள் முதல் வேலை. உங்கள் வேலைப் பட்டியலில் அது இருக்காதுதான். இருந்தாலும் செய்யுங்கள்.

3. நிபந்தனையைப் பார்த்து மயங்காதீர்கள், பயப்படவும் வேண்டாம். 1949-ல் ஓ'கீஃப், பெரும்பாலும் தன் கணவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் சேர்த்தவையான 101 படைப்புகளை டென்னஸி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய பல்கலைக்கழகம் அது. இனப் பிரிவினை சட்டமாக இருந்த தென்மாநிலத்தில் செசானையும் பிக்காசோவையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் அந்த அம்மா. விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது என்பது ஏற்பாடு. அரை நூற்றாண்டு கழித்துக் கஜானா காலியானபோது பல்கலைக்கழகம் நீதிமன்றப் படி ஏறியது. பல வருட வழக்குக்குப் பின், 2012-ல், ஆர்கன்சாவின் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்துக்கு 3 கோடி டாலருக்குப் பாதி உரிமை போனது. இப்போது தொகுப்பு இரண்டு ஊர்களுக்கும் மாறி மாறிப் போய்வருகிறது.

நிபந்தனை போட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் முழுவதும் போயிருக்கும். ஆனால் "என்றென்றும்" என்று ஒப்பந்தத்தில் எழுதும்போது, அதைக் காப்பாற்றும் செலவு எங்கிருந்து வரும் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். கணக்கு எளிது. முதலைத் தொடாமல் வைக்கும் எண்டோமென்ட் நிதியிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து வரைதான் எடுத்துச் செலவிடுவார்கள். 10 லட்சம் டாலர் வைத்தால் கைக்கு வருவது 40,000 முதல் 50,000. அதில் ஒரு காப்பாட்சியரின் முழுச் சம்பளம்கூட நிற்காது. இதைக் கொடையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகம் கொஞ்சம் வாடும். பரவாயில்லை.

4. இலவச ஓவியம் என்று ஒன்று கிடையாது. ஃபிரேம் போட வேண்டும், காப்பீடு, குளிர்சாதன அறை, ஈரப்பதக் கண்காணிப்பு, அருங்காட்சியகப் பதிவாளரின் நேரம். பெரிய தொகுப்பு வரும்போது பராமரிப்புக்கும் ஒரு தொகை கேளுங்கள். கேட்கக் கூச்சம் நமக்குத்தான். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவருக்கு அந்தச் செலவு நன்றாகவே தெரியும்.

வரி விஷயத்தில் வாயைக் கட்டுங்கள். 5,000 டாலருக்கு மேல் வரிக் கழிவு கோரும் கலைப்பொருளுக்குத் தகுதியுள்ள வெளி மதிப்பீட்டாளர் வேண்டும். அவரைக் கொடையாளரே அமர்த்திக்கொள்ளட்டும். "இது எவ்வளவு பெறும்?" என்று சாப்பாட்டு மேஜையில் கேட்டால் சிரித்துக்கொண்டே சாலட்டைப் புகழுங்கள். வாங்கிய பொருளை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் வரித்துறைக்கு நீங்கள் தெரிவித்தாக வேண்டும். கொடையாளரின் கழிவும் குறையக்கூடும். ஓவியரே தன் படைப்பைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். கேன்வாசுக்கும் பெயின்ட்டுக்கும் ஆன செலவை மட்டுமே அவர் கழித்துக்கொள்ள முடியும். அதே ஓவியத்தை விலைக்கு வாங்கிய பணக்காரர் கொடுத்தால் சந்தை விலையையே கழிக்கலாம். நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஓவியரிடம் முன்கூட்டியே சொல்வது உங்கள் கடமை.

5. எங்கிருந்து வந்தது? நமக்கு இது வெறும் தொழில் விதி இல்லை, வீட்டு விஷயம்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் ஏலத்தில் திருமங்கையாழ்வார் செப்புச் சிலை ஒன்றை வாங்கியது. 16-ஆம் நூற்றாண்டுச் சிலை. அதே சிலை கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலில் இருந்ததைக் காட்டும் 1957-ஆம் ஆண்டுப் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணங்களில் கிடந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, திருப்பித் தரலாம் என்று 2024 மார்ச்சில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970-ஐத்தான் பல அருங்காட்சியகங்கள் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அதற்கு முன் நாட்டை விட்டு வந்ததென்றால் தாளில் தேறிவிடும். இந்தச் சிலையும் தாளில் தேறியதுதான். ஆகவே ஆண்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

நல்ல கொடையாளர் ஒருவர் நடராஜரையோ சோமாஸ்கந்தரையோ தர வந்தால், அவர் மனம் கோணும் என்று கேள்வியை விழுங்கக் கூடாது. யாரிடம் வாங்கினீர்கள், ரசீது உண்டா, ஏற்றுமதிச் சான்று உண்டா என்று கேளுங்கள். விற்றவர் சுபாஷ் கபூர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் சிலைத் திருட்டு வழக்கில் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. அவரிடம் வாங்கியதைத் திருப்பித் தந்த அமெரிக்க அருங்காட்சியகங்களின் பட்டியலில் பல்கலைக்கழகங்களும் உண்டு. கேள்விக்குக் கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். அந்தச் சிலை எப்படியும் உங்களிடம் நிற்காது.

6. சுவரில் பெயர் பொறிப்பதற்கு முன் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். ஹார்வர்டில் ஆர்தர் சாக்லர் பெயரில் 1985-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அவர் 1987-ல் இறந்தார். அவருடைய தம்பிகளின் கம்பெனி, பலரை அடிமையாக்கிய ஆக்ஸிகான்டின் வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1996-ல். மாணவர்கள் பெயரை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள். 2024-ல் ஹார்வர்ட் பெயரை வைத்துக்கொள்வதென்று முடிவுசெய்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019-லேயே தன் கட்டடங்களிலிருந்து சாக்லர் பெயரை எடுத்துவிட்டது. எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எத்தனை ஆண்டுக்குப் பெயர், எந்தச் சூழ்நிலையில் எடுக்கலாம், கட்டடமே இடிக்கப்பட்டால் என்ன என்பதை நட்பாக இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

7. சின்னத் தொகையைச் சின்னதாகப் பார்க்காதீர்கள். மானே வரைந்த மத்மசேல் கிளாஸ் ஓவியம் பிரிட்டனை விட்டுப் போகாமல் தடுக்க, ஆஷ்மோலியன் 2012-ல் 78.3 லட்சம் பவுண்டு திரட்டியது. பெரும்பகுதி லாட்டரி நிதியம் தந்தது. கூடவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் தங்களால் ஆனதைப் போட்டார்கள். அத்தனை பேர் பின்னால் இருந்தால் பெரிய நிதியங்களும் அசையும்.

ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் 1940-களிலிருந்து ஒரு வழக்கம். அருங்காட்சியகத்தின் அசல் ஓவியங்களை மாணவர்கள் பருவத்துக்கு 5 டாலர் வாடகை கொடுத்து விடுதி அறைக்கு எடுத்துப் போகலாம். நல்ல படம் கிடைக்க முதல் நாள் இரவே வாசலில் கூடாரம் போட்டுப் படுத்திருப்பார்கள். கட்டில் தலைமாட்டில் பிக்காசோ தொங்கப் படித்த பிள்ளை நாற்பது வயதில் அந்த அருங்காட்சியகத்துக்குப் பணம் கொடுக்க யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

8. விலைக்கு வாங்கும் நிதி கேட்கும்போது தொகையை விட, எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் சுதந்திரத்தைக் கேளுங்கள். மேலே சொன்ன ரோஸ் அருங்காட்சியகத்துக்கு 1962-ல் ஒரு தம்பதியர் 50,000 டாலர் கொடுத்தார்கள். முதல் இயக்குநர் சாம் ஹன்டர், எந்த ஓவியத்துக்கும் 5,000 டாலருக்கு மேல் தராமல், 21 ஓவியங்கள் வாங்கினார். வார்ஹோல், லிக்டென்ஸ்டைன், ஜாஸ்பர் ஜான்ஸ், ராஷென்பெர்க். 2009-ல் அறங்காவலர்களுக்கு விற்கும் ஆசை வந்ததே இவற்றால்தான் என்று நினைக்கிறேன்.

9. நன்றி சொல்வதில் ரசீது ஒரு பகுதி. 250 டாலரும் அதற்கு மேலும் வந்தால் எழுத்தில் கொடுத்தாக வேண்டும், பதிலுக்கு விருந்து கொடுத்திருந்தால் அதையும் குறிக்க வேண்டும். அதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். உங்கள் பங்கு வேறு.

கணவர் நினைவாக ஒரு நீர்வண்ண ஓவியம் கொடுத்த அம்மா வருகிறார். அது சுவரில் இல்லை. தாளில் வரைந்தவை வெளிச்சம் பட்டால் மங்கும். சில மாதம் மங்கலான விளக்கில் காட்டிவிட்டு வருடக்கணக்கில் பெட்டியில் ஓய்வு கொடுப்பார்கள். இதைக் கொடுத்த அன்றே அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் இன்று நீங்கள் சொல்லுங்கள். பிறகு படிப்பு அறைக்கு அழைத்துப் போங்கள், வகுப்பு நடக்கும் நேரமாகப் பார்த்து. பெட்டி திறந்து, மெல்லிய தாளை விலக்கி, பதிவாளர் படத்தை மேஜையில் வைப்பார். சுற்றி நிற்கும் மாணவர்கள் பென்சில் மட்டும் வைத்திருப்பார்கள், பேனாவுக்கு அங்கே அனுமதி இல்லை. யாராவது ஒரு பெண், வானத்தை வெறும் தாளாகவே விட்டிருக்கிறாரே என்று கேட்பாள். அந்த அம்மா பதில் சொல்லத் தொடங்கினால் நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அன்று எதையும் கேட்கவும் வேண்டாம்.

10. பார்த்துப் பேசியதை அன்றே எழுதிவையுங்கள். ஊரில் மொய் நோட்டு வைத்திருக்கிறோமே, அந்த ஒழுங்கு வேண்டும்: யார், எவ்வளவு, எந்தச் சந்தர்ப்பத்தில், நாம் திருப்பிச் செய்ய வேண்டியது என்ன. மகனோடு சண்டை, மூட்டு வலி, விவாகரத்து வதந்தி இவற்றை எழுதாதீர்கள். கொடையாளரே படித்தாலும் நீங்கள் தலைகுனியாத மாதிரி இருக்க வேண்டும். உங்கள் பட்டியல் பல்கலைக்கழகத்தின் சொத்து. வேலை மாறும்போது போனில் ஏற்றிக்கொண்டு போவது திருட்டு. முக்கியமான குடும்பங்களுக்கு அடுத்து வருபவரை நீங்களே நேரில் அறிமுகப்படுத்துங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூவருமாகப் போங்கள், ஒப்பந்தத்தில் உள்ள வாக்குகளைப் புதியவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். பில்லை அருங்காட்சியகக் கணக்கில் எழுதலாம்.