நினைவகத்தின் வேகமும் நம்பகமும்: துடிப்பு விகிதம் பற்றிய ஒரு பாடம்

ஐதராபாத்தில் 1967-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், டிராம்பேயில் உருவாக்கப்பட்ட டி.டி.சி.-12 கணிப்பொறியையும் அதன் பின்வந்த வகைகளையும் தயாரித்தது. டி.டி.சி.-12-இன் நினைவகம் நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையத்தில் உள்ள செய்தியைப் படித்தால் அச்செய்தி அழிந்துபோகும். ஆகவே படித்தவுடன் அதனைத் திரும்ப எழுதியாக வேண்டும். இன்றைய நினைவகத்தில் காந்த வளையத்திற்குப் பதிலாக மிகச் சிறிய மின்தேக்கி இருக்கிறது. ஆனால் படித்தால் அழிவதும், திரும்ப எழுதுவதற்குப் போதிய நேரம் அளிக்க வேண்டியிருப்பதும் மாறவில்லை. கணிப்பொறியை அதன் தயாரிப்பாளர் விதித்த வேகத்திற்கு மேல் ஓட்டும்போது முதலில் குறைவது இந்த நேரமே.

இவ்வாறு ஓட்டுவதை ஓவர்கிளாக்கிங் என்பர். செகந்திராபாத் பார்க் லேன் பகுதியில் கணிப்பொறி உறுப்புகள் விற்கும் கடைகளை அறிந்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. பழைய கணிப்பொறியிலிருந்து இன்னும் சிறிது வேலை வாங்கலாம் என்னும் ஆசை இயற்கையானதே. கணிப்பொறி அடியோடு நின்றுவிட்டால் பெரிய கேடில்லை, வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நிற்காமல் ஓடிக்கொண்டே தவறான எண்ணைத் தருவதுதான் கேடு. எழுத்து வடிவில் சேமிக்கப்படும் 7 என்னும் இலக்கத்தின் இருமக் குறியீடு 0110111. 3 என்னும் இலக்கத்தின் குறியீடு 0110011. இவ்விரண்டிற்கும் ஒரேயொரு துணுக்குதான் வேறுபாடு. அத்துணுக்கு பிறழ்ந்தால் மாணவரின் 75 மதிப்பெண் 35 ஆகிவிடும். மழைமானியின் 75 மில்லிமீட்டரும் அவ்வாறே. 35 என்பதும் நம்பத்தக்க எண்ணாகையால் ஒருவர் கண்ணிலும் படாது.

இப்பிழை எவ்வாறு நேருகிறது என்பதை 2003-ஆம் ஆண்டைச் சேர்ந்த பென்டியம்-4 கணிப்பொறி ஒன்றைக்கொண்டு விளக்கலாம். அதன் அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸ். செயலி இதனை 12-ஆல் பெருக்கி 2400 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. நினைவகமும் அதே துடிப்பிலிருந்தே தன் வேகத்தைப் பெறுகிறது. விகிதம் 1:1 எனில் நினைவகத்தின் துடிப்பும் 200 ஆகும். இதுவே டி.டி.ஆர்.-400 எனப்படுவது, ஒரு துடிப்பில் இரு முறை செய்தி செல்வதால் 400 என்பர். இனி அடிப்படைத் துடிப்பை 250-க்கு உயர்த்துவோம். செயலி 3000 மெகாஹெர்ட்ஸை எட்டுகிறது; நினைவகமும் கேளாமலேயே 250-க்கு ஏறிவிடுகிறது.

நினைவகச் சில்லு அறிந்தது துடிப்புகளின் எண்ணிக்கையை அன்று, நேரத்தையே. டி.டி.ஆர்.-400 வகையில் ஒரு வரிசையைத் திறந்து, படித்து, மின்தேக்கிகளை மீண்டும் நிரப்பக் குறைந்தது 40 நானோவிநாடி தேவை. துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸாக இருக்கையில் ஒரு துடிப்பு 5 நானோவிநாடி. ஆகவே 8 துடிப்புகள் என்று பயாஸில் குறிக்கப்பட்டிருக்கும். துடிப்பு 250 ஆனதும் அதே 8 துடிப்புகள் 32 நானோவிநாடியாகச் சுருங்குகின்றன. மின்தேக்கி முற்றும் நிரம்புமுன்னரே கதவு மூடப்படுகிறது. அடுத்த முறை படிக்கையில் 1 என்று இருக்க வேண்டியது 0 எனத் தோன்றலாம். எண்ணிக்கையை 10 ஆக உயர்த்தினால் மீண்டும் 40 நானோவிநாடி கிடைக்கும். பலர் இதனைச் செய்ய மறந்துவிட்டுச் சில்லைக் குறை கூறுகின்றனர்.

இவ்விடத்தில் பயன்படுவதே வகுப்பான். விகிதத்தை 5:4 என்று அமைத்தால், அடிப்படைத் துடிப்பு ஐந்து முறை அடிக்கையில் நினைவகம் நான்கு முறை மட்டுமே அடிக்கும். அடிப்படை 250 எனில் நினைவகம் 200. அதாவது தனக்குரிய வேகத்திலேயே நிற்கிறது. 3:2 என்று அமைத்தால் சுமார் 167-க்கு இறங்கும். 2003-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ஆத்லான்-64 செயலிகளில் முறை வேறு. அங்கே செயலியின் வேகத்தை ஒரு முழு எண்ணால் வகுத்தே நினைவகத் துடிப்பு பெறப்படுகிறது. 2200 மெகாஹெர்ட்ஸ் செயலியில் 166 வேகமுள்ள நினைவகத்தைப் பொருத்தினால், 13-ஆல் வகுத்தால் 169 என்று வரம்பு மீறுவதால் 14-ஆல் வகுக்கப்பட்டு 157 மட்டுமே கிடைக்கும். நினைவகம் எதிர்பார்த்ததைவிட மெதுவாக இருப்பதைக் கண்டு பழுதென்று எண்ண வேண்டியதில்லை.

வகுப்பானை வேகத்திற்கான கருவியாகவே பலர் கருதுகின்றனர். ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் அது பிழையைப் பிரித்தறியும் கருவியாக அதிகம் உதவும். அடிப்படை 250, விகிதம் 1:1 என்ற நிலையில் பிழை தோன்றினால் செயலி குற்றவாளியா, நினைவகம் குற்றவாளியா என்று சொல்ல இயலாது. இரண்டும் ஒருங்கே வேகப்படுத்தப்பட்டுள்ளன. மற்ற யாவற்றையும் மாற்றாமல் விகிதத்தை மட்டும் 5:4 ஆக்குக. பிழை மறைந்தால் நினைவகத்தின்மீது ஐயம் வலுக்கும். மறையாவிடில் செயலியையோ, அதன் குளிர்விசிறியையோ, மதர்போர்டில் உள்ள நினைவகக் கட்டுப்பாட்டுச் சில்லையோ பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் மறக்கப்படுவது. விகிதம் எதுவாயினும் அச்சில்லின் ஒரு பக்கம் 250-இல்தான் உழைக்கிறது. ஆகவே நினைவகம் 200-இல் ஓடும் இரு அமைப்புகள் ஒரே அளவு நிலைத்தன்மை உடையவை என்று கொள்வது தவறு.

5:4 விகிதத்தில் இரு துடிப்புகளின் விளிம்புகளும் 20 நானோவிநாடிக்கு ஒரு முறையே ஒன்று சேர்கின்றன. ஆதலால் ஒரு பக்கத்துச் செய்தி மறு பக்கத்திற்குச் செல்லச் சிறிது காத்திருக்க நேரும். இதனால் வேகம் ஓரளவு குறையுமேயன்றி, பிழை உண்டாகாது.

சோதனைக்கு மெம்டெஸ்ட்-86 போன்ற நிரல் ஏற்றது. இயங்குதளத்தின் துணையின்றித் தானே தொடங்கி, சுழிகளையும் ஒன்றுகளையும் பல கோலங்களில் எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடும் நிரல் அது. ஒரு சுற்றுப் போதாது. ஓர் இரவு முழுதும் ஓட விடுவது நலம். ஏற்கத்தக்க பிழைகளின் எண்ணிக்கை சுழியே. ஒன்றிரண்டுதானே என்று விடுவதற்கில்லை.

இரவில் தேறிய கணிப்பொறி பகலில் தவறுவதும் உண்டு. மின்தேக்கியிலுள்ள மின்னூட்டம் தானே கசியும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு வரிசையும் 64 மில்லிவிநாடிக்குள் ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. உஷ்ணம் ஏறக் கசிவும் ஏறும். சில்லு 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் இக்கால அளவைப் பாதியாக்க வேண்டும் என்பது பிற்கால நினைவக வகைகளுக்குரிய தொழில் தரவிதி. ஐதராபாத்தில் மே மாதப் பிற்பகலில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. மூடிய பெட்டிக்குள் அதனினும் மிகும். டிசம்பரில் செய்த சோதனையை மே மாதத்திலும், பகல் நேரத்தில், செய்து பார்க்க வேண்டும்.

பெரிய சேவைக் கணிப்பொறிகளில் 64 துணுக்குகளுக்கு 8 சரிபார்ப்புத் துணுக்குகள் சேர்க்கப்படுகின்றன. ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட கணித முறையை ஒட்டியது இது. ஒரு துணுக்கு பிறழ்ந்தால் திருத்தும், இரண்டு பிறழ்ந்தால் அறிவிக்கும். பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் உள்ள சாதாரணக் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் இவ்வசதி இல்லை.

பிழை கண்டுபிடிக்கப்பட்டால், விகிதத்தைக் குறைத்து இயந்திரத்தைச் சரிப்படுத்துவதோடு வேலை முடிவதில்லை. அடிப்படைத் துடிப்பு, விகிதம், நேர அளவுகள், அறை உஷ்ணம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிவைத்திருந்தால், வேகம் உயர்த்தப்பட்ட நாள் தெரியவரும். அந்நாளுக்குப் பின் பதிவான கோப்புகளைக் கையெழுத்துப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். அக்கணிப்பொறியிலிருந்தே எடுக்கப்பட்ட நகல்களுடன் ஒப்பிடுவதால் பயனில்லை. 75 நினைவகத்திலேயே 35 ஆகியிருப்பின், நகலிலும் 35 என்றே இருக்கும்.