ஈசிஜி: கையில் தாள் வந்ததும் எதைப் பார்ப்பது?

கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வரும் நர்ஸும் டெக்னீஷியனும் ஈசிஜி எடுத்த கையோடு வாசிப்பது, தாளின் மேலே மெஷினே அச்சடித்துத் தரும் வரியைத்தான். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படிக்கப் பழகுங்கள். மெஷினின் கருத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் தாள் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கிறதா? பெயர், நேரம், வேகம் பாருங்கள். வழக்கமான வேகம் விநாடிக்கு 25 மி.மீ. அதில் சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி. லீட் 1-இல் பி, க்யூஆர்எஸ், டி மூன்றும் தலைகீழாகவும் ஏவிஆரில் நிமிர்ந்தும் இருந்தால் அபூர்வ நோயைத் தேடாதீர்கள். இரண்டு கை வயர்களும் இடம் மாறியிருக்கும். வி1, வி2 நான்காம் விலா இடைவெளியில் இருக்கவேண்டியவை. அவசரத்தில் மேலே ஏறிவிட்டால், பழைய மாரடைப்பு போன்ற பொய்த்தோற்றம் வரும்.

அடுத்து இதயத் துடிப்பின் வேகமும் சீரும். துடிப்பு சீராக இருந்தால், இரண்டு ஆர் முனைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களால் 300-ஐ வகுங்கள். 4 கட்டம் என்றால் 75. சீராக இல்லையென்றால் 10 விநாடித் தாளிலுள்ள க்யூஆர்எஸ்களை எண்ணி 6-ஆல் பெருக்குங்கள். சீரா இல்லையா என்பதே சந்தேகமா? ஒரு துண்டுக் காகித ஓரத்தில் ஆர் முனைகளைக் குறித்து நகர்த்திப் பாருங்கள். தாறுமாறாகத் துடித்து, பி அலையும் காணோமென்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை நினையுங்கள். இயல்பான அளவுகளையும் நினைவில் வையுங்கள்: பிஆர் இடைவெளி 3 முதல் 5 சின்னக் கட்டம், க்யூஆர்எஸ் அகலம் 3-க்குள்.

நிதானிக்க வேண்டிய இடம் எஸ்டி. இதயத்தின் ஒரே சுவரைப் பார்க்கும் லீடுகளில் சேர்ந்தாற்போல் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். 2, 3, ஏவிஎஃப் கீழ்ச்சுவர். வி1 முதல் வி4 வரை முன்சுவர். 1, ஏவிஎல், வி5, வி6 பக்கச்சுவர். கீழ்ச்சுவரில் தூக்கி ஏவிஎல்லில் இறங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. டாக்டர் கேட்குமுன் வலப்பக்க வி4ஆரும் எடுத்து வையுங்கள். வலது வென்ட்ரிக்கிளும் அடிபட்டிருந்தால் நைட்ரேட் கொடுத்ததும் பிபி சரியும்.

நெஞ்சுவலியோடு வந்தவரின் ஈசிஜி 10 நிமிடத்துக்குள் டாக்டர் கண்ணில் பட்டாக வேண்டும். முதல் தாள் நார்மலாக இருந்தும் வலி நிற்கவில்லையென்றால் மறுபடி எடுங்கள். பழைய ஈசிஜி இருந்தால் பக்கத்தில் வையுங்கள்.

போனில் “ஈசிஜி சரியில்லை டாக்டர்” என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. “2, 3, ஏவிஎஃப்பில் எஸ்டி தூக்கியிருக்கு டாக்டர், ஒரு மணி நேரமா வலி, வேர்த்துக் கொட்டுது, பிபி 90/60” என்று சொல்லிப் பாருங்கள்.