கடலோர ஏ.டி.வி.க்கு ஹெட் வேலை: அக்காவின் டிப்ஸ்

தம்பி, டேப்பட் சத்தம் கேட்டவுடனே ஸ்பேனரைத் தூக்காதே. கீழ்புத்துப்பட்டில் கிழக்கே கடற்கரை மணல், வடக்கே மரக்காணத்து உப்பளம். இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வண்டியில் வால்வும் கேமும் தேய்வதில் ஆச்சரியம் இல்லை. தேய்த்தது எது என்று பார்க்காமல் புதுசை மட்டும் மாட்டினால், கொஞ்ச நாளில் அதே ஹெட்டை மறுபடி இறக்குவாய்.

ரிசார்ட்டுகளில் மணலில் விடுகிற சின்ன 110 சிசி ஏ.டி.வி. வண்டியைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் சீனத் தயாரிப்பு. 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வழியில் செய்த, சிலிண்டர் படுத்திருக்கும் இன்ஜின். நம்ம ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜினும் அதே வம்சம்தான். அதனால் ஸ்ப்ளெண்டர் பிரித்துப் பழகின கைக்கு இது புதுசாகத் தெரியாது. ஆனால் பார்ட்ஸ் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதே. பழசைக் கையோடு கொண்டுபோய் வால்வின் நீளம், தண்டின் தடிமன், டைமிங் செயினின் கண்ணி எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்பார். பாண்டிச்சேரியில் கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு இருக்கிறது.

பிரிப்பதற்கு முன்னால் கம்ப்ரஷன் பார். குறைவாகக் காட்டினால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார். ஏறினால் ரிங், போர் பக்கம் கோளாறு. ஏறவே இல்லையென்றால் வால்வு பக்கம் சந்தேகப்படு. புகையும் சொல்லும்: ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமாக வந்தால் பெரும்பாலும் வால்வு சீல், கைடு. முறுக்க முறுக்க வந்தால் ரிங்.

சத்தத்துக்குப் பயப்படுகிற ஆட்கள் சத்தம் நின்றால் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் பயம். வால்வு சீட்டுக்குள் இறங்க இறங்க டேப்பட் இடைவெளி குறையும், சத்தமும் அடங்கும். கடைசியில் வால்வு முழுசாக மூடாமல் கருகிவிடும். இன்ஜின் ஆறின பிறகு ஃபீலர் கேஜ் விட்டுப் பார். இந்த வகை இன்ஜினில் பெரும்பாலும் 0.05 மி.மீ.; உன் வண்டியின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவையும் டைட்டாகிக்கொண்டே போனால் ஏர் ஃபில்டரைத் திற. ஃபோம் காய்ந்து கிழிந்திருக்கும், இன்டேக் குழாயில் விரலை விட்டால் மணல் ஒட்டும். அந்த மணல்தான் வால்வு முகத்தையும் கைடையும் அரைக்கிறது.

கேம் ஷாஃப்ட்டில் குழி விழுந்திருந்தால் ராக்கர் ஆர்மின் முகத்தை விரல் நகத்தால் வருடிப் பார். நகம் சிக்கினால் அதையும் மாற்று. பழைய ராக்கரோடு புதுக் கேம் போடுவது காசைக் கடலில் போடுவதுதான். இன்னொரு விஷயம், கேம் தேய்ந்தால் மேலே ஆயில் ஏறுகிறதா என்பது முதல் கேள்வி. சிலிண்டர் ஸ்டட் ஓரமாக ஆயில் ஏறுகிற வழியைக் கேஸ்கெட்டுக்குத் தடவின சிலிக்கான் அடைத்திருக்கும். அடியில் இருக்கும் ஆயில் சல்லடையைக் கழற்றிப் பார். சென்ட்ரிஃப்யூகல் ஃபில்டர் இருக்கிற மாடலானால் அதையும் வழித்துச் சுத்தம் பண்ணு.

லேத் கடைக்கு ஹெட்டைக் கொடுத்தால் வரிசையை நீயே சொல். முதலில் கைடு, அப்புறம்தான் சீட் கட்டிங். சீட் வெட்டுகிற கருவி கைடைப் பிடித்துத்தான் நிற்கும். ஆடுகிற கைடில் நின்று வெட்டினால் சீட் கோணலாக வரும். கைடு மாற்ற ஹெட்டைச் சமமாகச் சூடாக்க வேண்டும். ஒரே இடத்தில் டார்ச் அடித்தால் அலுமினியம் வளைந்துவிடும். கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது கடைசி மெருகுக்கு மட்டும். ஆழமாகக் குழிந்த சீட்டைப் பேஸ்ட்டால் சரிசெய்ய முடியாது, வால்வுதான் இன்னும் உள்ளே போகும். முடிந்ததும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவு. பிறகு போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வை; சேம்பர் பக்கம் கசியக் கூடாது.

இரண்டு வால்வின் ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்து. குட்டையானது தளர்ந்தது. டைமிங் செயின் மாற்றுகிறாயானால் ரோலர், டென்ஷனர் ரப்பரையும் சேர்த்தே மாற்று. மேக்னெட்டில் டி குறியும் கேம் ஸ்ப்ராக்கெட் குறியும் நேராக வந்தபிறகு, கிக்கரைத் தொடாமல் மேக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. எங்காவது முட்டினால் நிறுத்து. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் புது வால்வு வளையும்.

பூட்டுகிற வேலையைக் காலையிலேயே, நாலு சுவருக்குள் வைத்துக்கொள். மத்தியானம் கடல்காற்று ஏறினால் மணலும் உப்பும் சேர்ந்து வந்து ஆயில் தடவின பார்ட்ஸில் படியும். வெளியே எடுத்த கேம் ஷாஃப்ட்டைத் துணி போட்டு மூடினால் போதாது, ஆயில் தடவி பாலித்தீன் கவரில் போடு.

வண்டி கடல்நீரில் இறங்கினால் இன்ஜின் ஆறின பிறகு நல்ல தண்ணீரில் கழுவு. சூட்டோடு ஊற்றாதே. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால், கம்ப்ரஷன் மேல் முனையில் பிஸ்டனை விட்டு நிறுத்து. அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், உப்பு ஈரம் சீட்டில் ஏறாது. ஃபில்டர் ஃபோமுக்கு ஃபில்டர் ஆயில் போட மறக்காதே. புது வால்வு போட்ட வண்டி கொஞ்ச மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றிவிட்டு, ஆறவைத்து டேப்பட்டை இன்னொரு தடவை பார்.