இருபது டாலர் நோட்டும் ஒரு நகரத்தின் பட்ஜெட்டும்

ஜமாஅத் பொதுக்குழுவில் ஆண்டு வரவு செலவை வாசிக்கும்போது நம்மில் பலர் காத்திருப்பது கடைசி வரிக்காகத்தான்: கையிருப்பு எவ்வளவு? ஆனால் இமாம் சம்பளம், மின்கட்டணம், மதரஸா செலவு, ஏழைக் குமர் உதவி என்று நடுவில் ஓடும் வரிகளில்தான் அந்த மஹல்லா யாரைக் கவனிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பது தெரியும். நகரங்களின் பட்ஜெட்டும் அப்படித்தான். இந்தப் பாடத்துக்கு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து வேளை பாங்கையும் ஒலிபெருக்கியில் சொல்லலாம் என்று 2023இல் விதியைத் திருத்திய நகரம் அது. அமெரிக்கப் பெரு நகரங்களில் அதுவே முதல். சோமாலியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. காவல்துறைக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்ற வாதம் அந்த நகரத்தை ஆண்டுக்கணக்கில் உலுக்கியது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையாக வந்து நிறைவேறும் பணம் அது. நம் மாநகராட்சிக் கவுன்சிலரிடம் போய் ஸ்டேஷனுக்கு ஏன் இவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்க வழியில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் தங்கள் போலீசைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. குப்பை அள்ளுவதற்கும் சாலை போடுவதற்கும் ஒதுக்கும் அதே கவுன்சில்தான் போலீசுக்கும் ஒதுக்குகிறது. வீட்டுவரி கட்டுகிறவர் பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து பேசலாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் எல்லாவற்றுக்கும் அங்கே 911 என்ற ஒரே எண்.

2020 மே 25ஆம் தேதி அந்த எண்ணுக்கு ஒரு மளிகைக் கடையிலிருந்து அழைப்பு போனது. ஒருவர் கொடுத்த இருபது டாலர் நோட்டு கள்ள நோட்டாக இருக்கலாம் என்பதுதான் புகார். வந்த போலீஸ்காரர்களில் ஒருவரான டெரக் சாவின், ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை அழுத்தி வைத்திருந்தார். ஃபிளாய்ட் இறந்துபோனார். மறு ஆண்டு ஏப்ரலில் சாவின் கொலைக் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது.

உலகம் முழுவதும் பேசப்பட்டது கொலை. ஆனால் அந்த நகர மக்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். ஒரு நோட்டு செல்லுமா செல்லாதா என்று பார்க்க ஆயுதம் தாங்கியவர்கள் ஏன் வர வேண்டும்? மனநலம் குன்றிய பிள்ளை வீட்டில் கத்துகிறான் என்று தாய் அழைத்தாலும் அவர்கள்தான் வருகிறார்கள். சைக்கிள் திருடு போனதைப் பதிவு செய்யவும் அவர்கள்தான், வாசலை மறித்து நிற்கும் காருக்கும் அவர்கள்தான். எல்லா வேலைக்கும் ஒரே ஆளை அனுப்பினால் சம்பளமும் அந்த ஒரே துறைக்குத்தானே போகும்? "போலீசுக்கு நிதி கொடுக்காதே" என்ற முழக்கம் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான். முழக்கம் கேள்வியை விடக் கூர்மையாக இருந்தது. அதனால்தான் பிறகு நிறையக் குழப்பமும் வந்தது.

ஜூன் 6ஆம் தேதி போராட்டக்காரர்கள் மேயர் ஜேக்கப் ஃபிரேயை நடுவில் நிறுத்தி, காவல்துறையை ஒழிப்பாயா என்று கேட்டார்கள். முழுதாக ஒழிப்பதற்கு நான் உடன்படவில்லை என்றார் அவர். கூட்டம் அவரைக் கத்தி விரட்டியது. மறுநாள் பௌடர்ஹார்ன் பூங்காவில் ஒரு மேடை போட்டார்கள். 13 இடங்கள் கொண்ட நகரக் கவுன்சிலில் 9 பேர் அதில் ஏறி, இப்போதுள்ள காவல்துறையைக் கலைக்கும் வேலையைத் தொடங்குவோம் என்று உறுதி சொன்னார்கள். முஸ்லிம் கவுன்சிலரான ஜெரமையா எலிசனும் அவர்களில் ஒருவர். மேயர் வீட்டோ போட்டாலும் அதைத் தாண்டும் பலம் ஒன்பது பேருக்கு உண்டு. ஆனால் அந்த மேடையில் சொல் இருந்ததே தவிர, கலைத்த பிறகு இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் போவது யார் என்பதற்கு விரிவான திட்டம் இல்லை. இந்த விவகாரத்தின் மிகப் பெரிய ஓட்டை அதுதான் என்பது நமது கருத்து.

இன்னொரு தடையும் இருந்தது. மினியாபொலிஸுக்கு ஒரு நகர சாசனம் உண்டு; நகரத்துக்கு அதுதான் அரசியலமைப்புச் சட்டம் மாதிரி. குடிமக்கள் ஒருவருக்கு 0.0017 என்ற கணக்கில் காவல்துறைப் பணியாளர்களுக்குக் கவுன்சில் நிதி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1961இல் அதில் சேர்த்துவிட்டார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கணக்குப் போடச் சொல்லுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் 4,29,954 பேர். அதை 0.0017ஆல் பெருக்கினால் 730.9 வரும். அதாவது 731 பேர். அந்த வரியை மாற்ற மக்களிடம் வாக்குக் கேட்கக் கவுன்சில் முயன்றது. அந்த யோசனையை ஆராய வேண்டிய சாசன ஆணையம் ஆகஸ்டில் 10க்கு 5 என்ற வாக்கில் மேலும் 90 நாள் அவகாசம் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பர் வாக்குச்சீட்டில் கேள்வி ஏறாமலே போயிற்று. பட்ஜெட் வாதத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் தேட வேண்டியது, எந்த வரியைத் தொடவே முடியாதபடி சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது என்பதைத்தான்.

டிசம்பரில் 2021ஆம் ஆண்டுக்கான பட்ஜெட் வந்தது. மொத்தம் சுமார் 150 கோடி டாலர். மேயர் காவல்துறைக்குக் கேட்டது ஏறக்குறைய 17 கோடியே 90 லட்சம். இதை மொத்தத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆனால் மொத்தத்தில் குடிநீர், கழிவுநீர்க் கட்டணம் போன்று வேறு வேலைக்குத் திருப்ப முடியாத பணமும் சேர்ந்திருக்கிறது. கவுன்சில் தன் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கக்கூடிய பொது நிதியோடு மட்டும் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். ஒரு தரப்பார் சின்ன விகிதத்தைச் சொன்னார்கள், மறு தரப்பார் பெரிய விகிதத்தைச் சொன்னார்கள். இரண்டுமே பொய்யில்லை. எதில் எத்தனை பங்கு என்று கேட்காதவர்தான் ஏமாறுவார்.

பட்ஜெட் விசாரணையில் மக்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். கொரோனா காலம், எல்லாம் தொலைபேசி வழியாக. நள்ளிரவு தாண்டி நடந்த கூட்டத்தின் முடிவில் காவல்துறையிடமிருந்து மாற்றப்பட்டது சுமார் 80 லட்சம் டாலர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மனநல அழைப்புகளுக்குத் தனிக் குழு, வன்முறையைத் தடுக்கும் திட்டங்கள், திருட்டுப் புகாரையும் பார்க்கிங் புகாரையும் போலீஸ் அல்லாத ஊழியர்கள் வாங்குவது ஆகியவற்றுக்கு அது போனது. வருங்காலத்தில் போலீஸ் எண்ணிக்கையின் உச்ச அளவை 888லிருந்து 750ஆகக் குறைக்கும் யோசனை 7க்கு 6 என்று தோற்றது. அதை நிறைவேற்றினால் வீட்டோ போட நேரும் என்று மேயர் முன்பே எச்சரித்திருந்தார். இரண்டே மாதத்தில், 2021 பிப்ரவரியில், புதிய போலீஸ்காரர்களைச் சேர்க்க 64 லட்சம் டாலரை அதே கவுன்சில் விடுவித்தது. கலைத்துவிட்டார்கள் என்று இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை.

பணத்தால் குறைக்காதது வேறு வழியில் குறைந்தது. ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு பலர் வேலையை விட்டார்கள், பலர் நீண்ட மருத்துவ விடுப்பில் போனார்கள். 2021 தொடக்கத்தில் பணிக்கு வரக்கூடியவர்கள் வழக்கத்தை விட 200 பேர் அளவில் குறைவு. 2019இல் 48ஆக இருந்த கொலைகள் 2020இல் 80ஐத் தாண்டின. அந்த ஆண்டு அமெரிக்கா முழுவதுமே கொலைகள் கூடின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கூடுதல் நிதி வாங்கிய ஊர்களிலும் கூடின. ஆனால் தன் தெருவில் வேட்டுச் சத்தம் கேட்கிறவருக்கு அந்தப் புள்ளிவிவரத்தால் என்ன ஆறுதல்? வட மினியாபொலிஸில் வசித்த எட்டுப் பேர் 2020 ஆகஸ்டிலேயே நகரத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், சாசனம் சொன்ன எண்ணிக்கையில் எங்களுக்குப் போலீஸ் வேண்டும் என்று. கறுப்பின மக்கள் நிறைந்த பகுதி அது. 2022 ஜூனில் மினசோட்டா உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: மேயர் 731 பேரை வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் முடியவில்லை என்று காரணம் காட்ட வேண்டும்.

முஸ்லிம் குடும்பங்களின் நிலையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சீடர் ரிவர்சைடு பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் தாய்மார்களுக்கு இரண்டு பயம். இருட்டிய பிறகு மகன் வெளியே போனால் போலீஸ் நிறுத்துமோ என்பது ஒன்று. வேறு பையன்களின் துப்பாக்கிக்கு இரையாவானோ என்பது மற்றொன்று. 2020 மே கடைசியில் லேக் தெருவில் கலவரத் தீயில் எரிந்த கடைகளில் குடியேறிகளின் கடைகள் ஏராளம். அந்த இரவுகளில் அழைத்தாலும் ஆள் வரவில்லை. 2023 ஏப்ரலில் தெற்கு மினியாபொலிஸில் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு பள்ளிவாசல்களில் தீ வைக்கப்பட்டபோது, ஆளைப் பிடித்துக்கொடுங்கள் என்று சமுதாயம் கேட்டதும் போலீசிடம்தான். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து நீ போலீசுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்பதே தவறான கேள்வி.

2021 நவம்பரில் கடைசியாக மக்களிடம் வாக்கு வந்தது. காவல்துறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொதுப் பாதுகாப்புத் துறை அமைக்கலாமா, அந்த 1961ஆம் ஆண்டு வரியை நீக்கலாமா என்பது கேள்வி. அமெரிக்கக் காங்கிரசின் முதல் முஸ்லிம் உறுப்பினராக இருந்து பிறகு மினசோட்டாவின் அட்டர்னி ஜெனரல் ஆன கீத் எலிசனும், காங்கிரஸ் உறுப்பினர் இல்ஹான் உமரும் வேண்டும் என்றார்கள். அதே கட்சியின் ஆளுநர் டிம் வால்ஸும் செனட்டர் ஏமி குளோபுசாரும் வேண்டாம் என்றார்கள். நூற்றுக்கு 56 பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். மேயர் ஃபிரேயும் மீண்டும் வென்றார்.

வாதத்தில் அதிகம் பேசப்படாத செலவு ஒன்றும் உண்டு. 2021 மார்ச்சில் ஃபிளாய்ட் குடும்பத்துக்கு நகரம் கொடுக்க ஒப்புக்கொண்ட இழப்பீடு 2 கோடியே 70 லட்சம் டாலர். அதற்கு முன் 2017இல் உதவி கேட்டு 911ஐ அழைத்த ஒரு பெண்ணைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்ற வழக்கில் 2019இல் கொடுத்தது 2 கோடி. சுட்டவர் சோமாலியப் பின்னணி கொண்டவர்; சீருடைக்குள் நம்மவரைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 4 கோடியே 70 லட்சம். கவுன்சில் நள்ளிரவு வரை சண்டை போட்டு மாற்றிய தொகையைப் போல ஆறு மடங்கு.

அந்த 80 லட்சத்தின் விதைகளில் ஒன்று முளைத்தது. வாக்கெடுப்பில் தோற்ற மறு மாதமே, 2021 டிசம்பரில், மனநல நெருக்கடி அழைப்புகளுக்கு ஆயுதம் இல்லாத இருவர் கொண்ட குழுக்கள் வேனில் போகத் தொடங்கின. அழைக்க வேண்டிய எண் அதே 911தான். எடுப்பவர் கேட்டறிந்து, ஆபத்து இல்லை என்றால் அவர்களை அனுப்புகிறார். மனநல அழைப்புகளைப் போலீஸ் கையாண்ட விதத்தில் உரிமை மீறல் இருந்தது என்று 2023 ஜூனில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கையும் சொன்னது. போலீஸ்காரர்களின் சம்பளமும் ஏறியது: 2024 ஜூலையில் கவுன்சில் ஏற்ற ஒப்பந்தப்படி மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 21.7. 2020இல் கலைப்போம் என்று சொன்ன நகரமா இது என்று கேலி செய்தவர்கள் உண்டு. வேனும் ஓடுகிறது, சம்பளமும் ஏறியிருக்கிறது. இரண்டு செலவும் ஒரே பட்ஜெட்டில் இருக்கின்றன.