வல்லம் சூளையில் ஆள் சேர்க்கும் முன்

வல்லம் ஒன்றியத்தில் செங்கல் சூளைக்கோ ரைஸ்மில்லுக்கோ ஆள் எடுக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஆதார் வாங்கிட்டேன், போதுமில்ல?" என்பதைத்தான். போதாது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இப்படிப்பட்ட தொழில்களுக்குக் கூலிப் பதிவேடும் பி.எப்., இ.எஸ்.ஐ. கணக்கும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒருவர் சட்டப்படி நம்மிடம் வேலை செய்யலாமா என்று பார்க்க வேண்டியவர் முதலாளி. அந்தப் பொறுப்பை ஒரு ஜெராக்ஸோடு முடித்துக்கொண்டதால் படிப்பை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆதார் ஒருவருடைய அடையாளத்துக்குச் சான்று. வயதுக்கும் அல்ல, குடியுரிமைக்கும் அல்ல. அண்மையில் வரும் அட்டைகளில் இதை அச்சிட்டே தருகிறார்கள். பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து பி.எப். அமைப்பு 2024 ஜனவரியில் ஆதாரை நீக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதைத் தீர்மானிக்கப் பள்ளிச் சான்றிதழைத்தான் ஏற்றது. கையில் ஆவணம் இல்லாதவர்கள் ஆதாருக்குப் பதிந்தபோது வாயால் சொன்ன வயதே பதிவாகியிருக்கிறது. பிறந்த ஆண்டு மட்டும் அச்சான பழைய அட்டைகள் நம் பக்கத்தில் இன்னும் நிறைய புழங்குகின்றன.

சூளையில் ஆள் எடுப்பது ஜோடிக் கணக்கில். கணவன் மனைவி கல் அறுக்க வருவார்கள், கூடவே பிள்ளைகளும் வருவார்கள். மீசை அரும்பாத பையனைக் காட்டி மேஸ்திரி, "பதினெட்டு முடிஞ்சிடுச்சு சார், கார்டுல பாருங்க" என்பார். நான் கார்டை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுப்பேன். "இவன் பெரியவனா, அந்தப் பொண்ணு பெரியவளாம்மா? கடைசியா எந்த ஸ்கூல்ல படிச்சான்? அப்ப எத்தனாவது?" பிள்ளைகளின் வயதை அம்மாக்கள் வருஷத்தை வைத்துச் சொல்வதில்லை. அக்காவுக்கு அடுத்து, தம்பிக்கு முன்னால், அந்தப் பெருமழை வருஷம் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். பள்ளியின் பெயர் கிடைத்துவிட்டால் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போதும். டி.சி. தொலைந்திருந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வயதைக் கண்டறிய வகுத்திருக்கும் வரிசையும் இதுதான்: பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் மருத்துவச் சோதனை. சூளைக்காரர் மருத்துவச் சோதனை வரைக்கும் போக வேண்டியதில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தப் பையனின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள், கல் பக்கமும் விடாதீர்கள்.

2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவரைச் சுரங்கத்திலும் வெடிபொருள் புழங்கும் இடத்திலும் ஆபத்தான வேலைகளிலும் வைக்கக் கூடாது. கல் குவாரியும் இதில் சுரங்கம்தான். மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. "அப்பா அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணுது" என்ற பதிலை வாரம் தவறாமல் கேட்கிறேன். சட்டம் தரும் விலக்கு, பிள்ளை தன் குடும்பத்தின் சொந்தத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு. சூளை உங்களுடையது, அந்தக் குடும்பத்துடையது அல்ல. பிறகு அந்தப் பிள்ளை பகலெல்லாம் எங்கே இருக்கும் என்பதற்கும் நீங்களே வழி செய்ய வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. வேலை தொடங்கும் தை மாதத்திலேயே பிள்ளையைக் கையோடு பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்தது முன்பணம். வேலைக்குத் தகுதி பார்ப்பதில் இதை யாரும் சேர்ப்பதில்லை. என் கணக்கில் வயதுக்கு நிகரான கேள்வி இது: இந்த மனிதர் தன் விருப்பத்தில் வந்திருக்கிறாரா, கடனுக்காக வந்திருக்கிறாரா? "போன வருஷம் எந்தச் சூளை? அங்க கணக்கு முடிஞ்சிடுச்சா?" என்று, மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். பழைய முதலாளிக்குப் பாக்கித் தொகையைக் கொடுத்துக் குடும்பத்தையே தன் சூளைக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதைக் கடன் தீர்க்கும் உதவியாகச் சொல்கிறார்கள். அது ஆளை விலைக்கு வாங்குவது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் செல்லவே செல்லாது. அதைக் காட்டி வேலை வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982இலேயே ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பணம் கொடுப்பதென்றால் தொழிலாளியின் கையில் கொடுங்கள், எழுதிக் கொடுங்கள். பாதியில் அவர் போக விரும்பினால் அவரையோ அவர் பிள்ளையையோ நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் வருவாய்த் துறையினர் மீட்டவர்களில் இருளர் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம்தான் தாள்களும் மிகக் குறைவு. தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினால், எதையும் கேட்காமல் அட்வான்ஸ் நீட்டுகிறவரிடம் போய்ச் சேர்வார்கள். ஆகவே தாள் வாங்கித் தருவதையும் ஆள் எடுக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே நான் வைத்திருக்கிறேன். பழங்குடிச் சாதிச் சான்று தருவது கோட்ட அளவில், நமக்குத் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகம். அதே திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சான்றுகளுக்காகப் பல்லாண்டுகளாகப் போராடி வருகிறது. எந்த மனுவோடு எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று அங்கே தெளிவாகச் சொல்வார்கள்.

பார்த்த தாளை உடனே திருப்பிக் கொடுங்கள். ஒரிஜினல் உங்கள் பீரோவில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. வளைகுடாவில் நம் ஊர்ப் பிள்ளையின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டான் என்று கேட்டால் நமக்கு வயிறு எரிகிறது. ஒடிசாக்காரரின் ஆதாரை மில்லில் பூட்டி வைப்பது அதைவிட எந்த வகையில் சிறியது? ஆதார்தான் வேண்டும் என்று தனியார் பிடிவாதம் பிடிக்க முடியாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்காளர் அட்டையோ ரேஷன் அட்டையோ தந்தாலும் அடையாளத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1986 முதல், புதிதாகச் சேர்ந்தவரின் தாளை மூன்று வேலை நாளுக்குள் பார்த்து முதலாளி ஒரு படிவத்தில் எழுதி வைக்க வேண்டும். அங்கேயும், ஏற்கத்தக்க ஆவணங்களில் எதைக் காட்டுவது என்பது தொழிலாளியின் விருப்பம், முதலாளி இன்னதுதான் என்று கேட்கக் கூடாது.

வெளிமாநிலத்தவரை ஏஜென்ட் அழைத்து வந்தால் முதலில் ஏஜென்டின் உரிமத்தைக் கேளுங்கள். வங்காள மொழி பேசினாலே வங்கதேசத்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மால்டாவிலும் முர்ஷிதாபாத்திலும் தாய்மொழி அதுதான். உண்மையாகவே சந்தேகம் என்றால், அவர் சொல்லும் ஊரின் பஞ்சாயத்துக்கோ காவல் நிலையத்துக்கோ பேசிக் கேட்கலாம்.

நம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்டவர்களை, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கியிருக்கிறது. அவர்களிடம் முகாம் அடையாள அட்டையைப் பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குடியுரிமைப் பத்தியில் இந்தியர் என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு சொல் பின்னால் அவர்களுக்குத்தான் சிக்கலாக வரும்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கூலி பாக்கியைத் தீர்க்க வேண்டும். கணக்கு முடிந்தது, பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு ஒரு தாளும் கூடவே கொடுத்தனுப்புங்கள். அடுத்த தையில் இன்னொரு சூளை வாசலில் அவர்கள் நிற்கும்போது காட்ட அது வேண்டும்.